ஓட்டுமுன் ஒரு தேர்வு

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். உப்பு மூட்டை ஏற்றிய லாரி, சரக்குப் பெட்டகம் சுமந்த டிரெய்லர், மொபெட், சைக்கிள் என வாகனங்கள் வரிசையாகச் செல்லும். அவற்றுள் சிலவற்றில் வெள்ளை அட்டையில் சிவப்பாக ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்து தெரியும். ஓட்டுபவர் பழகுநர் என்பதற்கு அது அடையாளம். புதிதாகக் கற்பவர், ஸ்டியரிங்கைப் பிடிக்குமுன்பே ஒரு தேர்வில் தேறியாக வேண்டும். ஓட்டவே தெரியாதவருக்குத் தேர்வு எதற்கு என்று கேட்கிறீர்களா? வரலாறு விடை சொல்கிறது.

மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ், அதன் ஓசையையும் புகை நாற்றத்தையும் குறித்து ஜெர்மனியின் மான்ஹைம் நகர மக்கள் முறையிட்டதால், 1888-இல் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றார். அவருடைய திறமையை யாரும் சோதிக்கவில்லை. 1893-இல் பாரிஸ் நகரக் காவல்துறை ஓட்டுநர் தேர்வைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனிலோ 1904 முதல் 5 ஷில்லிங் கட்டினால் போதும், உரிமம் கிடைத்துவிடும். அங்கே ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது 1935-இல்தான்.

கைத்திறன் மட்டும் போதாது என்பதும் மெல்லப் புரிந்தது. 1909-இல் பாரிஸில் கூடிய நாடுகள் மேடு, வளைவு, குறுக்குச் சாலை, ரயில் பாதை ஆகிய நான்குக்கும் பொதுவான எச்சரிக்கைக் குறிகளை வகுத்தன. சாலைக்கு ஒரு மொழி பிறந்தது. மொழி என்றால் கற்கத்தானே வேண்டும்?

நம் நாட்டில் 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1939-இல் விரிவான சட்டம் வந்தது. 1988-இல் இயற்றப்பெற்று 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் அடிப்படை. அதன் விதிகளின்படி, பழகுநர் உரிமம் கோருபவர் சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில் கடவையைக் கடக்கும் முறை, உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். இந்த உரிமம் 6 மாதம் செல்லும். பெற்று 30 நாட்கள் கழிந்த பிறகே ஓட்டும் தேர்வுக்குச் செல்லலாம். பிரிட்டனில் தனி எழுத்துத் தேர்வு 1996-இல்தான் வந்தது. அங்கே பழகுநர் உரிமத்துக்கு இன்றும் தேர்வு இல்லை.

அறிவு ஏன் முந்த வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்தபின் மேலும் 9 மீட்டர் ஓடி நிற்கும். ஆக 20 மீட்டர். வேகம் 80 ஆனால்? பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், அது 35 மீட்டர் ஆகிவிடும். மொத்தம் 57 மீட்டர்! ‘இந்தக் குறிக்கு என்ன பொருள்?’ என்று ஒரு விநாடி கூடுதலாக யோசித்தால் மேலும் 22 மீட்டர் போய்விடும். அத்தொலைவுக்குள் ஒரு பள்ளிப் பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

இக்கரையின் முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் கடலடியில் சிப்பி பொறுக்கியவர் கயிற்றை அசைத்ததும் படகில் இருந்தவர் மேலே இழுக்க வேண்டியிருந்தது. அந்த அசைவின் பொருளை மூழ்கியபின் பேசி முடிவு செய்ய இயலுமா? இருவரும் முன்னரே அறிந்திருந்தால்தான் உயிர் தப்பும். சாலையிலும் அப்படியே. எதிரே வருபவர் முன்பின் அறியாதவர். அவருக்கும் நமக்கும் இடையே உள்ள கயிறு, சாலை விதிகளே.

ஆகவே, நாளை பழகுநர் உரிமத்துக்குச் செல்லும் இளைஞரே, விடைகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேட்டுப் படியுங்கள். காரணம் அறிந்து கற்ற விதி, தக்க சமயத்தில் காலைத் தானே பிரேக்குக்குக் கொண்டுசெல்லும்.