ஏர்கோன் முனகுவது ஏன்? ஒரு வரலாற்றுப் பார்வை



இரவு நேரத்தில் ஏர்கோன் கடகடவென்று சத்தமிட்டால், "கேஸ் தீர்ந்துவிட்டதோ, கம்பிரசர் கெட்டுவிட்டதோ" என்றுதான் நம்மில் பலர் கவலைப்படுகிறோம். ஆனால் அறைக்குள் கேட்கும் சத்தத்திற்குப் பெரும்பாலும் காரணம், குளிர்க்காற்றை வெளியே தள்ளும் 'புளோவர்' விசிறியும் அதைச் சுழற்றும் மோட்டாருமே. இந்த விசிறிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திற்காக வில்லிஸ் கேரியர் குளிர்சாதனத்தை வடிவமைத்தார். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி விழுந்ததைத் தடுப்பதே அதன் நோக்கம். மனிதரின் வசதிக்காக அல்ல, காகிதத்திற்காகவே அந்தக் குளிர்ச்சி!

விசிறியின் கதையோ தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. 1864இல் இந்தியாவின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்ற வந்தவர் சாமுவேல் டேவிட்சன். தேயிலையை உலர்த்தும் இயந்திரங்களை உருவாக்கிய அவர், 1881இல் பெல்பாஸ்ட் நகரில் 'சிரோக்கோ' தொழிற்சாலையை நிறுவினார். 1898இல் அவர் காப்புரிமை பெற்ற விசிறியில், உருளையைச் சுற்றிலும் முன்னோக்கி வளைந்த சிறு தகடுகள் பல இருந்தன. சிரோக்கோ என்பது பாலைவன வெப்பக்காற்றின் பெயர். அனல் காற்றோடு பிறந்த அந்த விசிறியின் வழித்தோன்றல்தான், பின்னாளில் ஜன்னல் ஏர்கோனில் குளிர்க்காற்றை ஊதியது.

சுவரில் மாட்டும் ஏர்கோனில் இருப்பது இன்னொரு வகை. நீண்ட உருளை போன்ற அந்த விசிறிக்கு, பிரெஞ்சுக்காரரான பால் மோர்ட்டியே 1890களில் காப்புரிமை பெற்றார். 1968இல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் அதைச் சுவர் ஏர்கோனில் பொருத்தியது. பெட்டி மெலிந்தது, சத்தமும் குறைந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அமைதியைத் தந்த அதே சிறு தகடுகள்தாம் அழுக்கையும் பிடித்துவைக்கின்றன. நம் நாட்டு ஈரக் காற்றில் ஏர்கோனின் உட்புறம் நனைந்தே இருப்பதால், தூசியும் பூஞ்சணமும் தகடுகளின் குழிவில் அப்பிக்கொள்கின்றன. ஒரு பக்கம் எடை கூடியதும் உருளை சமநிலை இழந்து அதிர்கிறது. அந்த அதிர்வு நாளடைவில் பேரிங்கைத் தேய்த்து, மோட்டாரையும் பழுதாக்குகிறது.

எனவே, முதலில் குளிர்ச்சியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால், கோளாறு வெளியே உள்ள கம்பிரசரில் இல்லை. தடதடவென்று அதிர்ந்தால் அழுக்கு அல்லது உடைந்த தகடு. கீச்சென்று ஒலித்தால் உலர்ந்துபோன பேரிங். அரைப்பது போல் கேட்டால் தேய்ந்த மோட்டார் என்று பொதுவாகக் கருதலாம். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். விசிறி கையால் தள்ளும்போது இலகுவாகச் சுழன்றால், நன்றாகக் கழுவினாலே போதுமானதாக இருக்கலாம். இறுகினாலோ ஆடினாலோ பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

பழுதுபார்ப்பவர் வந்ததும் "கேஸ் போடுங்கள்" என்று நாமே சொல்லிவிட்டால், பணம் செலவாகும்; சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். "விசிறி உருளையைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்பவருக்கோ செலவு மிச்சமாகும். அந்த உருளையில் படிந்திருக்கும் அழுக்கைத் தொட்டு வரும் காற்றைத்தான் நம் பிள்ளைகள் இரவு முழுவதும் சுவாசிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இயந்திரத்திற்கு வாய் இல்லை. சத்தம்தான் அதன் மொழி. அது முனகத் தொடங்கும்போதே காதுகொடுப்போம்.