கால்நடை மருத்துவரும் தனித்தொழிலும்

தில்லியில் கரோல்பாக் பகுதியில் வாழும் தமிழர்களுக்குப் பூசா சாலையைத் தெரியாமல் இராது. அச்சாலைக்குப் பெயர் தந்த பூசா தில்லியில் உள்ள இடமன்று. பீகாரில் உள்ள ஒரு சிற்றூர். 1905-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936-இல் அது தலைநகருக்கு மாற்றப்பட்டபோது ஊர்ப்பெயரும் உடன் வந்துவிட்டது. ஆராய்ச்சி நிலையம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அவ்வூருக்கு வேறொரு சிறப்பு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்த்த பண்ணை அங்கேதான் இருந்தது. அப்பண்ணையை மேற்பார்ப்பதற்காக 1808-இல் கப்பலேறி வந்த வில்லியம் மூர்க்ராஃப்ட் என்பவரிடமிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமாகும்.

உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1762-இல் திறக்கப்பட்டது. அங்கே சென்று பயின்ற முதல் ஆங்கிலேயர் மூர்க்ராஃப்ட். பின்னர் அவர் இலண்டனில் குதிரை மருத்துவராகத் தனித்தொழில் நடத்திப் பெயரும் பொருளும் ஈட்டினார். அத்தகையவரைக் கம்பெனியார் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டனர். ஆனால் அவர் பண்ணையில் நிலைத்திருந்தாரா எனில், இல்லை. நல்ல இனக் குதிரைகளைத் தேடுவதாகக் கூறித் திபெத்துக்கும், லடாக்குக்கும், புகாராவுக்கும் பயணம் மேற்கொண்டார். 1825-இல் ஆப்கானிய மண்ணிலேயே உயிர் நீத்தார். மருத்துவரை வரவழைப்பது ஒன்று, வந்தவரை நிலைக்கச் செய்வது மற்றொன்று என்பதற்கு இந்நாட்டில் இதுவே முதற் சான்று எனலாம். தனித்தொழிலில் இருந்தவர் அரசுச் சம்பளத்துக்கு வந்தார் என்பதும் இங்குக் கருதத் தக்கது. பின்வந்த காலமெல்லாம் இத்தொழில் ஓடிய திசை அதுவே.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்வது நமக்குப் புதிதன்று. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக அசோகரின் பாறைக் கல்வெட்டு கூறுகின்றது. வடநாட்டில் சாலிஹோத்திரர் பெயரால் குதிரை மருத்துவம் வழங்கியது; குதிரை வைத்தியரைச் சலோத்திரி என்றே அழைத்தனர். தமிழ்நாட்டில் மாட்டு வாகடங்கள் ஏடுகளில் எழுதிக் காக்கப்பட்டன. ஆயினும் இந்த நாட்டு வைத்தியர்களால் தடுக்க இயலாத ஒரு கொள்ளைநோய் இருந்தது. அது வெக்கை நோய். ஊர் ஊராகப் பரவி, உழவு மாடுகளையும் கறவை மாடுகளையும் ஒருங்கே மாய்த்த நோய் அது.

இந்நோயை ஆராய 1868-இல் அமைக்கப்பட்ட குழு 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. 1889-இல் புனாவில் நிறுவப்பட்ட நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. இடையில் அரசாங்கம் தனிக் கால்நடைத் துறையையும் அமைத்தது. லாகூரில் 1882-இலும், பம்பாயில் 1886-இலும், கல்கத்தாவில் 1893-இலும், சென்னையில் 1903-இலும் கல்லூரிகள் தோன்றின. சென்னைக் கல்லூரி 1936-இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, இந்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கும் முதற் கல்லூரி என்னும் சிறப்பைப் பெற்றது.

கொள்ளைநோயைத் தனி மருத்துவர் ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒழிக்க இயலாது. ஒரு வீட்டு மாட்டுக்கு ஊசி போட்டு, அடுத்த வீட்டு மாட்டை விட்டுவிட்டால் நோய் நிற்காது. ஆகவே அரசாங்கமே மருத்துவரை நியமித்து, அரசாங்கமே மருந்தையும் தந்தது முறையே ஆகும். 1927-இல் முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பார் ஆட்டின் வழியே உருவாக்கிய தடுப்பு மருந்து இம்முயற்சிக்குப் பெருந்துணை ஆயிற்று. 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2006-இல் இந்தியா வெக்கை நோயினின்று விடுபட்ட நாடாக ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்ட அரசுக் கால்நடை மருத்துவர்களுக்கு இந்நாட்டு உழவர் என்றும் கடமைப்பட்டவர்.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு குறையும் வளர்ந்தது. கால்நடை மருத்துவர் என்றால் அரசு உத்தியோகத்தர் என்னும் எண்ணம் மக்களிடத்தும் மாணவரிடத்தும் வேரூன்றிவிட்டது. கல்லூரியில் சேரும்போதே இளைஞர் அரசு வேலையை மனத்திற்கொண்டனர். மருந்தகத்தில் சிகிச்சை இலவசமாகவோ மிகச் சிறு கட்டணத்துக்கோ கிடைத்தது. வேலை நேரத்துக்குப் பின் அழைத்தால் அம்மருத்துவரே வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. இந்நிலையில் கைப்பொருள் செலவிட்டு ஊரில் தனி மருத்துவமனை திறக்கும் இளைஞர் யாரிடம் கட்டணம் பெறுவார்? நாளொன்றுக்கு ஒரு படி பால் கறக்கும் மாட்டுக்கு உழவர்தாம் எவ்வளவு செலவழிப்பார்? மாடுகள் பல ஊர்களில் சிதறிக் கிடக்க, மருத்துவரின் நாளில் பெரும்பகுதி வழிநடையிலேயே கழிந்துவிடும். தனித்தொழில் கிராமத்தில் வேர்பிடிக்காமைக்குக் காரணம் இளைஞரின் சோம்பலன்று. வரவும் செலவும் ஒத்துவராமையே ஆகும்.

வரவு ஒத்துவந்த இடங்களில் மருத்துவர் நிலைத்தார். இதற்கு மேற்கு இந்தியாவிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் தோன்றிய பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், தன் உறுப்பினர்களின் மாடுகளைக் காக்கத் தானே மருத்துவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவசர அழைப்பு வந்தால் இரவிலும் வண்டி புறப்பட்டது. உறுப்பினர் சிறு கட்டணம் செலுத்தினார். எஞ்சியதைப் பால் வருமானம் தாங்கியது. புனாவுக்கு அருகே உருளிகாஞ்சனில் மணிபாய் தேசாய் 1967-இல் நிறுவிய ‘பைஃப்’ என்னும் அமைப்பு, செயற்கைமுறைக் கருவூட்டலை உழவரின் வாசலுக்கே கொண்டு சென்றது. இவ்விரண்டிலும் மருத்துவர் தனியே நின்று அல்லற்படவில்லை. மாதச் சம்பளம் உறுதியாக இருந்தது. கலந்து பேச உடன்பணியாளர் இருந்தனர். இரவுப் பணியைப் பகிர்ந்துகொள்ள ஆள் இருந்தது.

நம் நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகியபோது மருத்துவருக்குத் தனியார் துறையில் வேலை கிடைத்ததும் இக்காரணத்தாலேயே. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கூரையின்கீழ் இருக்கையில், மருத்துவருக்குக் கொடுக்கும் தொகை பண்ணையாருக்குச் செலவாகத் தோன்றுவதில்லை. பெருநகரங்களில் நாய், பூனை வளர்ப்போர் மிகுந்ததால் அங்கும் தனி மருத்துவமனைகள் தழைத்துள்ளன. பட்டம் பெற்ற இளைஞர் நகரத்தை நாடுவதைக் குறை கூறுவதில் பொருளில்லை. இத்தகைய நிலைமையைக் கிராமத்திலும் உண்டாக்க இயலுமா என்பதே வினா.

இடையில் மற்றொரு சிக்கலும் எழுந்தது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவர் மன்றச் சட்டம், பதிவு பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்று விதித்தது; சிறு பணிகளை மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் பிறர் செய்ய இடமளித்தது. நடைமுறையில், கருவூட்டல் போன்ற நாள்தோறும் வருவாய் தரும் பணி குறும்பயிற்சி பெற்றவர் கைக்குச் சென்றது. நள்ளிரவில் கன்று குறுக்கே நின்று பசு துடிக்கும்போது மட்டும் மருத்துவரைத் தேடுகின்றனர். வருவாய் தரும் எளிய பணியை இழந்து, கடினமான பணியை மட்டும் ஏற்று எவரும் ஓர் ஊரில் நெடுநாள் தொழில் நடத்த இயலாது.

ஐயாயிரம் கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மைக் குழு 1976-இல் கூறியது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53 கோடிக்கு மேற்பட்ட கால்நடைகள் உள்ளன. இத்தேவையை அரசாங்கம் ஒன்றே நிறைவேற்றுவது அரிது. 1962 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகள் இப்போது பல மாநிலங்களில் ஓடுகின்றன. இது பாராட்டத் தக்க ஏற்பாடே. எனினும் அவ்வூர்திகளில் செல்லும் இளம் மருத்துவர் பலர் ஒப்பந்தப் பணியாளர். நிலையான வேலை கிடைத்ததும் விலகிச் செல்பவர். மூர்க்ராஃப்ட் காலத்து வினா மீண்டும் நம்முன் நிற்கின்றது.

விடை கேடாவில் ஓரளவு கிடைத்துவிட்டது. ஓர் ஊர்ச் சங்கத்தார் மாட்டுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, இரண்டு மூன்று மருத்துவர் கூடி நடத்தும் மருத்துவமனைக்கு அளிக்கலாம். அரசாங்கம் தடுப்பூசிப் பணியை அவர்களிடமே ஒப்படைத்து அதற்கு ஊதியம் தரலாம். வருவாய் தரும் பணியும் கடினமான பணியும் ஒரே கையில் சேர்ந்தால் மருத்துவர் தங்குவார்.

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் பலருக்குச் சொந்த ஊரில் இன்றும் ஒரு தொழுவம் உண்டு; முதிய பெற்றோர் அதைக் காத்து வருகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, அவ்வூர்ப் பால் சங்கத்தாரிடம் இரவில் அழைத்தால் வரக்கூடிய மருத்துவர் எவர் என்று ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். எவரும் இல்லை என்று அவர்கள் கூறினால், ஒருவரை வரவழைத்து நிலைக்கச் செய்யும் முயற்சிக்கு அக்கேள்வியே தொடக்கமாகட்டும்.