தெரிசோவில் மதியச் சாப்பாடு

ஹானியாவில் வாடகைக் கார் கொடுத்தவர் சாவியோடு ஒரு புத்திமதியும் தந்தார். மலைக்குள் நுழைந்ததும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டுமாம். எதிரே வருவது ஆடாகவும் இருக்கலாமாம்.

கிரீட் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள அந்த நகரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். ஆரஞ்சுத் தோப்புகள் முடிகிற இடத்தில் இருபக்கமும் பாறைகள் நெருங்கி வந்து வானத்தைக் கீற்றாக்கிவிட்டன. ஓடையை ஒட்டி, வளைந்து வளைந்து, 6 கிலோமீட்டருக்கு அதே இடுக்குதான். ஆடு வரவும் செய்தது. ஹாரனை அது மதிக்கவில்லை.

இடுக்கு முடிந்ததும், 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தெரிசோ. ஒரு தெரு, கொஞ்சம் கல்வீடுகள், அவற்றைவிட அதிகமாகக் கண்ணில் படும் தவெர்னாக்கள், அதாவது சாப்பாட்டுக் கடைகள். இங்கே ஒரு அரசாங்கம் நடந்தது என்று சொன்னால் நம்ப மனம் வராது.

1898-இல் துருக்கியப் படை கிரீட்டை விட்டுப் போனது. ஆனால் தீவு கிரீஸோடு சேரவில்லை. பெயருக்கு சுல்தானின் உடைமை. காவலுக்கு பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா. ஆள்வதற்கு கிரேக்க மன்னரின் மகன் இளவரசர் ஜார்ஜ். அவருடைய நிர்வாகத்தில் நீதித்துறையைக் கவனித்த இளம் வக்கீல் எலெஃப்தீரியோஸ் வெனிசெலோஸ். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, 1901-இல் வக்கீலின் பதவி பறிபோனது.

1905 மார்ச்சில் வெனிசெலோஸ் ஆட்களைத் திரட்டிக்கொண்டு தெரிசோவுக்கு ஏறினார். அது அவருடைய அம்மாவின் ஊர். அதைவிட முக்கியம், நான் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த அந்த இடுக்கு. அன்றைய தலைநகரமான ஹானியாவுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு எளிதாக அடைக்கக்கூடிய வாசல் வேறெங்கே கிடைக்கும்? கிரீஸோடு இணைந்துவிட்டோம் என்று அங்கிருந்தே அறிவித்தார்கள்.

மோதல்கள் நடக்காமல் இல்லை. ஆனால் என்னைக் கவர்ந்தது புரட்சிக்காரர்களின் காகித வேலை. தற்காலிக அரசு அமைத்து, பத்திரிகை நடத்தி, தங்கள் பெயரில் தபால்தலையும் வெளியிட்டார்கள். எல்லாம் ஒரு வக்கீலின் மூளை. நான்கு வல்லரசுகளைத் துப்பாக்கியால் வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர்களைச் சலிப்படைய வைக்கலாம் என்பதும் தெரியும். நவம்பரில் சமரசம் பேசி இறங்கினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் இளவரசர் கப்பலேறினார். வெனிசெலோஸ் 1910-இல் கிரீஸுக்கே பிரதமர். 1913 டிசம்பர் 1 அன்று ஹானியா துறைமுகக் கோட்டையில் கிரேக்கக் கொடி ஏறியது.

இனி சாப்பாடு. சிகாரியாஸ்தோ கேளுங்கள். இந்த மலை மேய்ப்பர்களின் சமையல்: ஆட்டுக்கறியை ஆலிவ் எண்ணெயில், அதன் சாற்றிலேயே, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவிடுவது. மசாலா கிடையாது. முதல் வாய்க்கு நம் நாக்கு மிளகைத் தேடும். மூன்றாவது வாய்க்குத் தேடாது. கூடவே கல்யாணச் சோறு என்றே பெயர் கொண்ட காமோபிலாஃபோ: கறி வெந்த நீரில் குழைய வேகவைத்த அரிசி, மேலே எலுமிச்சையும் வெண்ணெயும். நம்மூர் கிடாவிருந்தில் இதைப் பரிமாறினால் சமையல்காரரை அடிக்க வருவார்கள். நான் இரண்டாம் முறை வாங்கினேன். கடைசியில் கேட்காமலே ஒரு சிறு குப்பி ரக்கிச் சாராயம் வந்தது, காசில்லாமல். வண்டி ஓட்டி வந்த பாவத்துக்கு நான் முகர்ந்து பார்த்ததோடு சரி.

வெனிசெலோஸ் தங்கியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். போகிறவர்கள் அதைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு எழுந்திருக்க முடியாது.