மீட்டர் சொல்லாத கணக்கு

வெல்டிங் பட்டறைகளில் இரண்டு சிலிண்டர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பு நிறத்தில் உயரமாக நிற்பது ஆக்சிஜன். மெரூன் நிறத்தில் நிற்பது அசிட்டிலீன். இரண்டின் தலையிலும் கடிகாரம் போன்ற மீட்டர்கள் இருக்கும். அந்த முள்ளைப் பார்த்து, உள்ளே எத்தனை லிட்டர் வாயு மிச்சமிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இது ஒரு பெரிய கேள்வியாகவே படவில்லை. வீட்டு இரும்புக் கதவு ஒன்றைப் பற்றவைக்கப் போன இடத்தில், காத்திருந்த நேரத்தில் மேஸ்திரியிடம் கணக்குப் போட்டுக் காட்டத் தொடங்கினேன். முதலில் ஆக்சிஜன். அதன் சிலிண்டர் தண்ணீர் ஊற்றினால் சுமார் 47 லிட்டர் கொள்ளும். முழுச் சிலிண்டரில் மீட்டர் 150 காட்டும். அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 150 மடங்கு. 47-ஐ 150-ஆல் பெருக்கினால் 7,050. ஆக, வெளியே வந்தால் 7,000 லிட்டருக்குச் சற்று மேல். முள் 60-க்கு இறங்கிவிட்டதா? 47 × 60 = 2,820. மணிக்கு 1,400 லிட்டர் குடிக்கும் முனையை மாட்டி இரும்புத் தகடு வெட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும்.

இந்தப் பெருக்கல் ராபர்ட் பாயில் நமக்குத் தந்த சீதனம். வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய முனையில் காற்றை அடைத்து, மறுமுனையில் அவர் பாதரசத்தை ஊற்றினார். பாதரசம் சுமார் 29 அங்குலம் உயர்ந்ததும், அதாவது அழுத்தம் இரட்டித்ததும், அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கியது. வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கி வரும் தொகை மாறாது என்ற இந்த விதி 1662-ஆம் ஆண்டில் அச்சேறியது. 150 மடங்கு அழுத்தத்தில் இதில் சிறு பிழை வரும். பட்டறைக் கணக்குக்கு அது ஒரு பொருட்டல்ல.

"சரியாத்தான் சார் சொல்றீங்க. இப்ப அதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று மேஸ்திரி அசிட்டிலீனைக் காட்டினார். அன்று காலைதான் வந்திறங்கிய முழுச் சிலிண்டர் அது. கொள்ளளவு 40 லிட்டர், மீட்டரில் 15. பெருக்கினேன்: 600 லிட்டர்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். "அறுநூறுன்னா ரெண்டு மணி நேரத்துல தீர்ந்துடும் சார். நான் ரெண்டு மூணு நாள் ஓட்டுறேன். உள்ளே ஆறாயிரம் இருக்குது."

பத்து மடங்கு பிழை! தேர்வுத்தாளில் என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். உண்மையில், விடை பட்டறையில் புழங்கும் பெயரிலேயே இருந்தது. அந்தச் சிலிண்டரை அவர்கள் 'டி.ஏ.' என்கிறார்கள். 'கரைந்த அசிட்டிலீன்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஏன் கரைக்க வேண்டும், எதில் கரைக்கிறார்கள் என்று தேடப் போனால் நூற்றாண்டுக்கு முந்தைய பாரிஸ் நகரத்தில் போய் நிற்போம்.

அசிட்டிலீனை எட்மண்ட் டேவி 1836-இலேயே கண்டுவிட்டார். ஆனால் அது நெடுங்காலம் ஆய்வுக்கூடச் சரக்காகவே இருந்தது. 1892-இல் தாமஸ் வில்சன் என்னும் கனடாக்காரர், அமெரிக்காவின் வட கரோலினாவில் அலுமினியம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். அதற்காகக் கால்சியம் உலோகம் கிடைக்குமா என்று சுண்ணாம்பையும் தாரையும் மின் உலையில் இட்டுக் காய்ச்சினார். கிடைத்த பொருளைத் தண்ணீரில் போட்டதும் வாயு பொங்கியது. கால்சியமாக இருந்தால் ஹைட்ரஜன் வந்து புகையின்றி எரிய வேண்டும். இதுவோ கரிப்புகை கக்கி எரிந்தது. நினைத்தது ஒன்று, கிடைத்தது கால்சியம் கார்பைடு. (மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்க இன்று சிலர் பயன்படுத்தும் அதே கல்தான். இப்படிப் பழுக்க வைத்து விற்பது சட்டப்படி குற்றம்.) ஒரு கிலோ கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலீன் வரும். அவ்வளவு எளிதாக அந்த வாயு கைக்கு வந்தது.

1895-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாட்லியே, இந்த வாயு ஆக்சிஜனோடு எரியும்போது சுடரின் வெப்பம் 3,000 டிகிரியைத் தாண்டுவதைக் காட்டினார். இரும்பு உருக 1,540 டிகிரி போதும். பற்றவைப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆக்சிஜனைப் போல இதையும் அமுக்கிச் சிலிண்டரில் அடைத்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அங்கேதான் வினை வந்தது. அசிட்டிலீன் வெடிப்பதற்குக் காற்றே தேவையில்லை. அமுக்கினால், ஒரு பொறியோ அதிர்ச்சியோ போதும். தானே கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்து, அடக்கி வைத்த வெப்பத்தையெல்லாம் ஒரு நொடியில் கொட்டிவிடும். 1896-இல் பாரிஸிலும் பெர்லினிலும் திரவ அசிட்டிலீன் வெடித்து உயிர்கள் போயின. அதே ஆண்டில் பெர்த்தெலோ, வியேய் என்ற இருவர் பரிசோதனை செய்து, மொத்த அழுத்தம் இரண்டு வளிமண்டலத்துக்குள் இருந்தால் இந்தச் சிதைவு வாயு முழுவதும் பரவுவதில்லை என்று கண்டார்கள். ரப்பர் குழாயில் போகும் அசிட்டிலீனின் அழுத்தம் மீட்டரில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று இன்றும் பட்டறையில் சொல்கிறார்களே, அந்த ஒன்றின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் இரண்டு வளிமண்டலம் என்றால் 40 லிட்டர் சிலிண்டரில் 80 லிட்டர்தான். எந்தப் பட்டறைக்குக் காணும்? ஜார்ஜ் கிளாட், ஆல்பர்ட் ஹெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர்கள் 1896-97-இல் வழி கண்டார்கள். (நியான் விளக்கைப் பின்னாளில் உலகுக்குக் காட்டியவரும் இதே கிளாட்தான்.) அசிட்டோன் என்ற திரவம் அசிட்டிலீனை ஏராளமாகக் கரைத்துக்கொள்ளும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் அசிட்டோன் சுமார் 25 லிட்டர் வாயுவை விழுங்கும். அழுத்தத்தை ஏற்றினால் கரையும் அளவும் அதே விகிதத்தில் ஏறும் என்பது வில்லியம் ஹென்றி 1803-இல் கூறிய விதி. இப்போது மேஸ்திரியின் சிலிண்டரை மறுபடி கணக்கிடுவோம். உள்ளே சுமார் 16 லிட்டர் அசிட்டோன். 15 மடங்கு அழுத்தத்தில் ஒரு லிட்டரில் 25 × 15 = 375 லிட்டர் கரையும். 375 × 16 = 6,000. மேஸ்திரி சொன்ன ஆறாயிரமேதான்!

ஹென்றியின் விதியை நீங்கள் குடித்தே இருக்கிறீர்கள். கோலி சோடாவைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது, கரைந்திருந்த வாயு நுரைத்து எழுகிறது, கூடவே தண்ணீரும் வழிகிறது. அசிட்டிலீனை அவசரமாக உறிஞ்சினாலும் இதே கதிதான்: வாயுவோடு அசிட்டோனும் குழாயில் ஏறிவிடும். ஆகவேதான் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பார்கள். மணிக்கு ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பழைய பட்டறை விதி. 6,000-ஐ ஏழால் வகுத்தால் சுமார் 850 லிட்டர். இப்போது பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு.

அசிட்டோன் மட்டும் போதவில்லை. அதன் மேலே வெற்றிடம் இருந்தால் அங்கே கூடும் வாயு வெடிக்கலாம். அதனால் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளைச் சிலிண்டர் முழுக்க அடைத்து, பஞ்சில் எண்ணெய் ஊறுவதுபோல அசிட்டோனை அதில் ஊறவைத்தார்கள். வண்டியில் குலுங்கியதில் அந்தப் பொருளும் நொறுங்கி இடைவெளி விட்டது. நொறுங்காத கலவையைச் செய்தவர் ஸ்வீடனின் குஸ்தாவ் தாலேன். கலங்கரை விளக்குகளைப் பகலில் தானாக அணைத்து இரவில் ஏற்றும் வால்வையும் அவரே அமைத்தார். 1912 செப்டம்பரில், நெருப்பில் சூடேறினால் அசிட்டிலீன் சிலிண்டர் என்ன ஆகும் என்று சோதித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வெடித்து, அவருடைய இரு கண்களும் போயின. அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. விழாவுக்குப் போய்ப் பரிசைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய அண்ணன். அவர் ஒரு கண் மருத்துவர். பார்வையின்றியே தாலேன் 1937-இல் இறக்கும்வரை தம் நிறுவனத்தை நடத்தினார்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். பாதி தீர்ந்த டி.ஏ. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அறிய, மீட்டரை நம்பலாமா? கரையும் அளவு வெப்பத்தைப் பொறுத்து வெகுவாக மாறும். உச்சி வெயிலில், ஒரு லிட்டர் வாயுகூடக் கூடாமலே முள் பல புள்ளிகள் மேலேறிவிடும். "அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க மேஸ்திரி?" என்றேன்.

"எடைதான் சார்" என்றார். எடுபிடிப் பையன் சிலிண்டரை நிமிர்த்தினபடியே தள்ளுவண்டியில் வைத்துப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசுக்குக் கொண்டுபோவானாம். ஒரு கிலோ அசிட்டிலீன் சுமார் 900 லிட்டர். வந்தபோது 62.6 கிலோ, இப்போது 59.6 கிலோ என்றால் செலவு 3 கிலோ, அதாவது 2,700 லிட்டர்; மிச்சம் 3,300. மணிக்கு 300 லிட்டர் எரித்தால் இன்னும் பதினோரு மணி நேரம் வரும்.

சொல்லிவிட்டு அவர் புதுச் சிலிண்டரின் தோளில் சாக்பீஸால் அன்றைய தேதியையும் எடையையும் எழுதினார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கதவைப் பற்றவைக்க உட்கார்ந்தார்.