அல்லியரசாணியின் கரை: மன்னார் முத்துத்துறைகளில் பெண்ணாட்சிக் கதையின் வளர்ச்சி

இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என நீண்டு குதிரைமலை முனைவரை செல்லும் கரை, முத்துச் சலாபத்தால், அதாவது அரசின் மேற்பார்வையில் நடந்த முத்துக்குளிப்பால் பெயர்பெற்றதாயினும், மக்கள் வழக்கில் அது அல்லியரசாணி ஆண்ட நாடாகவும் சொல்லப்படுகிறது. அமைச்சும் காவலும் படையும் பெண்களிடமே இருக்க, ஆடவரை அண்டவிடாது ஆண்டவள் எனப்படும் அல்லியை வரலாற்று அரசியாகக் கொள்ளக் கல்வெட்டுச் சான்று இல்லை. அவளைப் பற்றிய கதை காலந்தோறும் எவ்வாறு உருமாறியது என்பதே ஆய்வுக்குரியது.

முத்தையும் பெண்ணாட்சியையும் சேர்த்துப் பேசும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 300ஐ ஒட்டி மௌரிய நாட்டுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸைத் தழுவி அரியன் எழுதிய நூலில், ஹெராக்கிளிஸ் தன் மகள் பண்டாயாவுக்கு 500 யானைகளும் 4,000 குதிரைவீரரும் 1,30,000 காலாட்படையினரும் கொண்ட நாட்டை அளித்ததாகவும், அவளை அணிசெய்யவே கடல்முத்தைத் திரட்டியதாகவும் கூறப்படுகிறது. இச்செய்தி பாண்டிய நாட்டைச் சுட்டுவதென்பது அறிஞர் பலரின் கருத்து.

பண்டாயாவின் ஆட்சியைக் குலைக்கக் காதலன் எவனும் வரவில்லை. பின்னெழுந்த தமிழ்க் கதைகளில் காதலே அரசியலின் கருவியாகிறது. திருவிளையாடற் புராணத்தின் தடாதகைப் பிராட்டி திக்குவிசயம் செய்து கயிலைவரை சென்று, சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிய, மதுரையின் அரியணை சுந்தரபாண்டியனான கணவனுக்குப் போகிறது. புகழேந்திப் புலவரின் பெயரில் வழங்கினும் மொழிநடையால் மிகப் பிற்பட்டதான ‘அல்லியரசாணி மாலை’ இதைவிடக் கடுமையானது. அல்லி மலரில் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்த அவள், மதுரையை ஆண்ட நீன்முகனை வென்று அதைக் கைப்பற்றி ஆள்கிறாள். போரிலும் வேண்டுகோளிலும் அவளை அடைய இயலாத அருச்சுனன், கண்ணனின் சூழ்ச்சியால் பாம்புருவில் அவள் பள்ளியறை புகுந்து, துயிலும் அவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். அவள் இசைவைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே கதையில் எழவில்லை. விழித்தெழுந்தவள் சினந்து படை திரட்டினாலும், தாலி ஏறிவிட்டது என்ற ஒன்றே அவளைக் கட்டிப்போடுகிறது. படையால் விழாத ஆட்சி சடங்கால் விழுகிறது. பெரிய எழுத்துப் பதிப்புகளும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும் இவ்வடிவத்தையே ஊரூராகப் பரப்பின. ‘அல்லி தர்பார்’ என்பது பெண்ணின் அதிகாரத்தை எள்ளும் வழக்காகவும் நிலைத்தது.

மன்னார்க் கரையில் கதையின் அழுத்தம் வேறிடத்தில் விழுகிறது. இங்கு அல்லி முதன்மையாக முத்துக்கு உரிமை பூண்ட அரசி. குதிரைமலை அவள் கோட்டை. அருச்சுனனின் தந்திரம் பின்னுக்குப் போய்விடுகிறது. இக்கரையின் உண்மையான முத்துக்குளிப்பிலோ ஆட்சி முழுவதும் ஆடவர் கையில் இருந்தது. 1803இல் வெளியான ராபர்ட் பேர்சிவலின் நூல் கொண்டச்சிக் குடாவில் பருவகாலத்தில் மட்டும் எழுந்து மறையும் குடிசை நகரத்தை விரிவாக விவரிக்கிறது: குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லைக் கால்விரலால் பற்றி, வலைப்பையோடு பாருக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கு, இறங்குவான்; சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவராகக் கருதப்பட்ட கடல்கட்டி, படகுகள் திரும்பும்வரை கரையில் ஓதிக்கொண்டிருப்பார். அவரின்றிக் கடலில் இறங்க எவரும் துணியார்.

இம்முத்துக்குளிப்பின் வருவாயைக் கண்காணிக்கவே முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில், கிரேக்கத் தூண்முறையில் அரிப்பில் ஒரு மாளிகையைக் கட்டினார். செங்கல்லும் சுண்ணச்சாந்துமாகக் கடலரிப்பில் சிதைந்து நிற்கும் அக்கட்டடத்தை ஊரார் ‘அல்லிராணி கோட்டை’ என்கின்றனர். காலப்பிழை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. எனினும் முத்தின் வருவாயை ஆண்டவர் யாராயினும் அவ்விடம் அல்லிக்குரியது என்ற கரையோர உணர்வை அப்பெயர் காட்டுவதாகக் கொள்வதே பொருத்தம்.

சலாபம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. 1990 அக்டோபரில், இக்கரை அடங்கிய முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, பலர் புத்தளத்தில் இரு பதிற்றாண்டுகள் அகதிகளாக வாழ்ந்ததால், இக்கரையின் வாய்மொழி மரபும் அவர்களோடு சிதறியது. மதுரை அல்லியின் கதை அச்சில் இருக்கிறது. மன்னார் அல்லியின் கதையை, மீளக் குடியேறிய முதியவர்களிடமிருந்து, சமய வேறுபாடின்றி ஊர்வாரியாகத் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகங்கள் இனியும் தள்ளிப்போடலாகாது.