பதினைந்து நாள் நோட்டீஸ்

உளப்பகுப்பாய்வில் 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்றொரு கருத்தாக்கம் உண்டு. இடமாற்றம் என்று தமிழில் எழுதினால் அரசு ஊழியர் ஞாபகம்தான் வருது. பால்யத்தில் அப்பன்மேலோ ஆத்தாள்மேலோ கொண்ட பிரியத்தையும் கோபத்தையும் ஒருவர் தன் மருத்துவர்மேல் ஏற்றிவிடுகிறார் என்பது பொருள். 1895இல் ஃப்ராய்ட் இதைத் தவறான இணைப்பு என்றே குறித்தார். அது அவரது கோட்பாட்டின் மையத்துக்கு நகர்ந்தது ஒரு பெண் எழுந்து வெளியேறிய பிறகுதான்.

1900 அக்டோபர், வியன்னா. இடா பவுருக்கு 18 நிறையப் போகிறது. ஆஸ்திரிய சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பவுரின் தங்கை. அண்ணனைத் தோழர்கள் பெயர் சொல்லி அறிவார்கள். தங்கையோ 'டோரா' என்னும் நோயாளி, அவ்வளவுதான். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் (ஃப்ராய்டின் பிரதியில் 'திரு. கே.') சின்னப்பெண்ணான அவளைத் தன் கடையில் வைத்து இழுத்து முத்தமிட்டார். பிறகு ஒருநாள் ஏரிக்கரையில் பேச்சை ஆரம்பித்தபோது அறை வாங்கினார். அப்பாவுக்கோ கே.யின் மனைவியோடு உறவு. மகள் கற்பனை பண்ணுகிறாள் என்று சொல்லி, புத்தி புகட்டும்படி ஃப்ராய்டிடம் ஒப்படைத்தார்.

ஒன்றைக் கவனிக்கணும். சில வருஷம் முன்பு அப்பாவை ஃப்ராய்டிடம் கூட்டி வந்தவரே அந்தக் கே.தான். மூன்று ஆண்களுமே புகைபிடிப்பவர்கள். கனவு கண்டு விழித்ததும் புகை வாசனை வந்தது என்று இடா சொல்ல, தன்னிடமும் அவள் ஒரு முத்தத்தை விரும்பியிருக்கலாம் என்று ஊகிக்கிறார் ஃப்ராய்ட். சுருட்டுப் புகை அவரிடமிருந்து நிஜமாகவே வந்துகொண்டிருந்ததே!

11 வாரம். டிசம்பர் 31 அன்று, இதுதான் கடைசி என்கிறாள். எப்போது முடிவு செய்தாய்? பதினைந்து நாள் முன்பு. வேலைக்காரியோ கவர்னஸோ நோட்டீஸ் கொடுப்பது மாதிரி இருக்கே என்கிறார் அவர். உடனே அவளுக்குக் கே. வீட்டுக் கவர்னஸ் ஞாபகம் வருகிறது. மனைவியால் தனக்கு ஒரு சுகமும் இல்லை என்று சொல்லி அந்தப் பெண்ணை வசப்படுத்திக் கைவிட்டவர், அதே பேச்சை இடாவிடமும் எடுத்திருந்தார். 'டோரா' என்பதும் ஒரு வேலைக்காரியின் பெயர்தான். ஃப்ராய்டின் சகோதரி வீட்டு ஆயாவின் சொந்தப் பெயர் ரோசா. எஜமானியும் ரோசா என்பதால் டோரா ஆக்கப்பட்டாள். ஃப்ராய்டே எழுதியிருக்கிறார் இதை.

1905இல் அச்சான பிரதியின் பின்னுரையில், இடமாற்றத்தை உரிய நேரத்தில் கையாளத் தவறியதாக ஒப்புக்கொள்கிறார். கே.மேல் தீர்க்க வேண்டிய பழியைத் தன்மேல் தீர்த்துவிட்டாளாம். இந்தக் கருத்தாக்கத்தைத் தூக்கியெறிய நான் சொல்லவில்லை. மருத்துவர்மேல் வரும் பிரியத்தில் பழைய பிரியம் கலந்தே இருக்கிறது. அதை அறிந்தவர் அதைச் சுரண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் அதிலிருந்தே வந்தது. ஆனால் இடா விஷயத்தில் அந்தச் சொல் மருத்துவரின் இருப்பையே அழித்துவிடுகிறது. அப்பாவும் கே.யும் இருந்த அதே வளையத்துக்குள் அவரும் உட்கார்ந்திருந்தார். மருத்துவரின் மனசைக் குறிக்கும் 'எதிர் இடமாற்றம்' 1909இல்தான் வருகிறது, தன்னிடம் நோயாளியாக வந்த சபினா ஸ்பீல்ரைனுடன் யுங் சிக்கிக்கொண்டபோது, அவருக்கு ஃப்ராய்ட் எழுதிய கடிதத்தில்.

1901 மே மாதம் கே.யின் குழந்தை ஒன்று இறந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடா, அங்கேயே கணக்கையும் தீர்த்தாள். உன் உறவு எனக்குத் தெரியும் என்றாள், மனைவி மறுக்கவில்லை. ஏரிக்கரையில் நடந்ததைக் கே.யே ஒப்புக்கொண்டார். அதை அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

1902 ஏப்ரல் 1 அன்று முகத்தில் நரம்புவலி என்று ஃப்ராய்டிடம் திரும்பவும் வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, உண்மையாகச் சிகிச்சை தேடி வரவில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அவளை முழுசாகக் குணப்படுத்தும் திருப்தியைத் தனக்குக் கிடைக்காமல் செய்ததற்காக அவளை மன்னிப்பதாக வாக்களித்து அனுப்பினார்.