வேகமும் விவேகமும்: இரு முறைவழியாக்கிகளின் வரலாறு

ஒரு பொருளின் உயர்வை அறிதற்கு அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலே பிழைபடுமாயின் முயற்சி முழுவதும் வழிதவறிவிடும். கணினியின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுவது 2000 ஆம் ஆண்டிற்கும் 2020 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலாகும். அதன் தொடக்கத்தில் மேசைக் கணினிகட்கென எழுந்தது பென்ரியம் 4. அதன் இறுதியில் மடிக்கணினிகளில் இடம்பெற்றது எம்1. இவ்விரு முறைவழியாக்கிகளையும் ஒப்புநோக்குதல் பெரிதும் பயன்தரும்.

அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு நவம்பரிற் பென்ரியம் 4 ஐ வெளியிட்டது. 217 சதுர மில்லிமீற்றர் பரப்புடைய சிலிக்கன் துண்டொன்றில் 4 கோடியே 20 இலட்சம் திரான்சிற்றர்கள் அமைந்திருந்தன. அதன் கடிகாரம் செக்கனுக்கு 150 கோடி முறை துடித்தது. அந்நாளிற் கணினி வாங்குவோர் பெரிதும் வினவியது இத்துடிப்பின் தொகையையே.

அத்தொகையை உயர்த்துதற்கு இன்ரெல் கைக்கொண்ட உபாயம் யாதெனில், ஒரு கட்டளையை நிறைவேற்றும் வேலையைப் பல சிறு படிகளாகப் பகுத்தலாகும். முன்னைய பென்ரியம் 3 இல் ஏறத்தாழ 10 ஆக இருந்த படிகள் பென்ரியம் 4 இல் 20 ஆயின. படி சிறுகச் சிறுகத் துடிப்பு விரைவுபடும். ஆயினும், குறையொன்றும் உடன்வந்தது. நிரல் இரு கிளைகளாகப் பிரியுமிடத்து, எக்கிளை வழியே செல்லவேண்டும் என்பதை முறைவழியாக்கி முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கும். ஊகம் பிழைப்பின் தொடங்கிய வேலை வீணாகும். படிகள் மிகுந்தால் நட்டமும் மிகும். இதனாற் சில வேலைகளில், 100 கோடித் துடிப்பே உடைய பென்ரியம் 3 புதியதை முந்திற்று.

இதனினும் பெரிய இடர் வெப்பத்தால் விளைந்தது. திரான்சிற்றர் சிறுக்குந்தோறும் மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துவரின், ஒரே பரப்பில் எழும் வெப்பம் மிகாது என்பது 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபேட் டெனாட் முதலியோர் வகுத்த விதி. 2004 பெப்ரவரியில் 90 நனோமீற்றர் முறையில் வெளிவந்த புதிய பென்ரியம் 4 இல் அவ்விதி தளர்ந்தது. திரான்சிற்றர்கள் மூடியிருக்கும்போதும் மின் கசிந்தது. படிகள் 31 ஆயின. துடிப்பு 380 கோடியை எட்டியது. வெப்ப அளவோ 115 உவாற்று ஆயிற்று. 400 கோடித் துடிப்பை எட்டும் திட்டத்தை இன்ரெல் 2004 ஒக்ரோபரிற் கைவிட்டது. இஸ்ரேலின் ஹைபா நகரில் மடிக்கணினிகட்கென உருவாக்கப்பட்டு 2003 இல் வெளிவந்த பென்ரியம் எம் என்பதன் வழியிலேயே, 2006 இல் கோர் 2 டுவோ தோன்றியது. சிக்கனம் கருதிய சிறியது, ஆற்றல் கருதிய பெரியதற்கு வழிகாட்டியது.

எம்1 இன் மூலமோ வேறிடத்தது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில் ஏகோர்ன் என்னும் சிறு நிறுவனத்திற் பணியாற்றிய சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் ஆகிய இருவரும் வகுத்த ஆர்ம் முறைவழியாக்கி 1985 ஏப்பிரலில் முதன்முறை இயங்கியது. அதில் ஏறத்தாழ 25,000 திரான்சிற்றர்களே இருந்தன. அது நுகரும் மின்னை அளக்க முயன்ற பேர்பர், மானி பூச்சியத்தைக் காட்டக்கண்டு வியந்தார். மின்வழங்கற் கம்பி இணைக்கப்படவேயில்லை. ஏனைய இணைப்புகள் வழியே கசிந்த மின்னைக் கொண்டே அஃது இயங்கியது.

அம்மரபில் அப்பிள் நிறுவனம் வகுத்து 2020 நவம்பரில் வெளியிட்டதே எம்1. தைவானில் 5 நனோமீற்றர் முறையில் ஆக்கப்பட்ட இதில், ஏறத்தாழ 119 சதுர மில்லிமீற்றரில் 1,600 கோடித் திரான்சிற்றர்கள் அடங்கின. பென்ரியம் 4 ஒரு துடிப்பிற்கு 3 நுண்செயல்களையே வழங்க வல்லது. எம்1 இன் பெருங்கரு ஒவ்வொன்றும் 8 கட்டளைகளைப் பகுத்தறிய வல்லது. கடும்பணிக்கு நான்கு கருக்களும் எளிய பணிக்கு நான்கு கருக்களும் அதில் உள. அதன் துடிப்போ 320 கோடி. 16 ஆண்டுகட்கு முந்திய பென்ரியம் 4 இன் 380 கோடியினும் குறைவே. எனினும், அதனைக் கொண்ட மடிக்கணினிகளுள் ஒன்று விசிறியே இன்றி இயங்கியது.

இவ்வொப்பீட்டில் நடுவுநிலை வேண்டும். இவ்வேறுபாடு முழுவதையும் வகுத்தோரின் மதிநுட்பத்திற்கே உரியதாக்குதல் பொருந்தாது. திரான்சிற்றரைச் சிறிதாக்கும் கலை இடைக்காலத்திற் பெரிதும் வளர்ந்தமையும் அதற்குக் காரணமாகும். 1,600 கோடியுள் படவரைவு முதலிய பிற பணிகட்குரியனவும் அடங்கும். பென்ரியம் 4 ஐ வகுத்தோரும் அறிவிற் குறைந்தவரல்லர். அவர்கள் நம்பிய விதி அதுவரை பொய்த்ததில்லை.

ஆயினும் ஒன்று உறுதி. எத்தனை முறை துடிக்கின்றது என்ற வினா கைவிடப்பட்டு, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நிகழ்கின்றது, அதற்கு எவ்வளவு மின் செலவாகின்றது என்னும் வினாக்கள் எழுந்தபின்னரே இத்துறை புதுவழி கண்டது. விடையைத் தேடுமுன் வினாவைச் செம்மை செய்தல் வேண்டும் என்பதே, கற்போர் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத்தக்க பயனாகும்.